வீட்டைச் சுற்றி வாழும் சிலந்திகள்: தேடிப் பார்க்கத் தொடங்குவோருக்கு

சிலந்தியைத் தேடுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது, அது செய்து வைத்திருக்கும் வேலையை. ஜன்னல் சட்டத்தின் மூலையில் கலைந்த மாதிரி ஒரு வலை. அதற்கு நேர் கீழே தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு எச்சப் புள்ளிகள். பக்கத்திலேயே சாறு போய்ச் சக்கையாகக் கிடக்கும் ஓர் ஈ, அல்லது எட்டுக் கால்களும் அப்படியே இருக்க உள்ளே ஒன்றுமில்லாத பழைய தோல். இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால், அங்கேயே நின்று நிதானமாக மேலே பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆள் அங்கேதான் இருக்கும்.

அந்தப் பழைய தோலைச் செத்த சிலந்தி என்று நினைத்துப் பலர் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். சிலந்தியின் மேல்தோல் விறைப்பானது. உடம்பு வளர வளர அது கூடவே வளராது. அதனால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதுத்தோலோடு வெளியே வருகிறது. முன்பகுதியின் மேல்மூடி தனியாகத் திறந்து கிடந்தால் அது உரித்த தோல். சிலந்தி உயிரோடு, முன்பைவிடப் பெரிதாக, அருகில் எங்கோ இருக்கிறது. செத்த சிலந்தியின் கால்கள் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். சிலந்தியின் காலை மடக்கத் தசை உண்டு, ஆனால் முக்கியமான மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்பில் ஓடும் திரவத்தை அழுத்தித் தள்ளித்தான் அது காலை நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தமும் போகிறது, கால்கள் மடங்கிவிடுகின்றன.

உலகில் இதுவரை 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களுக்கு அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் தொடங்கினால் சீக்கிரம் களைப்புதான் மிஞ்சும் என்பது என் எண்ணம். எப்படிப் பிழைக்கிறது என்பதில் தொடங்குவது நல்லது. வலை கட்டி உட்கார்ந்திருக்கிறதா? இரையைத் தேடி அலைகிறதா? அசையாமல் பதுங்கியிருந்து பக்கத்தில் வருவதைப் பிடிக்கிறதா? இதற்கு விடை கிடைத்தால் எந்தக் குடும்பம் என்பது பாதி தெரிந்த மாதிரிதான். அடுத்த முறை அதை எங்கே, எந்த நேரத்தில் தேடுவது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

முதலில், அது சிலந்திதானா?

சிலந்தியின் உடம்பு இரண்டு பகுதி. தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்த முன்பகுதி, அப்புறம் வயிறு. நடுவில் மெல்லிய இடுப்பு. கால்கள் எட்டு. இறக்கை கிடையாது, உணர்கொம்பும் கிடையாது. பெரும்பாலான இனங்களுக்குக் கண்கள் எட்டு. ஆறு கண் உள்ளவையும் உண்டு. வாய்க்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கைகள் இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இவற்றையும் சேர்த்துப் பத்துக் கால் என்று எண்ணிவிடுவார்கள். வளர்ந்த ஆணுக்கு இந்தக் கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி உப்பியிருக்கும். விந்தணுவைப் பெண்ணிடம் கொண்டு சேர்ப்பது இந்த உப்பிய பகுதிதான். ஆண், பெண் பிரித்துச் சொல்ல இதைவிட எளிய வழி கிடையாது. நல்ல லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் போதும்.

நீளமான கால்களும், நடுவில் இடுப்பே இல்லாமல் ஒரே உருண்டையாக உடம்பும் கொண்ட ஓர் உயிரினம் ஈரமான சுவர்களில் திரியும். அது சிலந்தியின் உறவுதான், ஆனால் சிலந்தி இல்லை. அதற்கு நூல் நூற்கவும் தெரியாது, நஞ்சும் இல்லை. இதற்கு நேர் எதிராக, எறும்பு என்று நாம் தாண்டிப் போகும் சில உருவங்கள் உண்மையில் சிலந்திகள். எறும்பைப் போலவே ஒடுங்கிய உடம்பு, எறும்பைப் போலவே அவசர நடை. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே போகும். செடியில் எறும்பு வரிசைக்குச் சற்றுத் தள்ளித் தனியாகத் திரியும் ‘எறும்பு’ ஒன்றைக் கண்டால் கால்களை எண்ணிப் பாருங்கள். ஓர் இழையில் தொங்கிக் கீழே குதித்தால் சந்தேகமே வேண்டாம்.

வீட்டுக்குள்ளே

கூரை மூலைகளிலும் மாடிப்படிக்கு அடியிலும் தலைகீழாகத் தொங்கும் நெட்டைக்கால் சிலந்திகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். உடம்பு சின்னது, கால்கள் மயிரிழை போல நீளம். வலையை ஒரு புல் நுனியால் லேசாகத் தொட்டால், இருந்த இடத்திலேயே உடம்பைச் சுழற்றிச் சுழற்றி ஆட்டும். அந்த வேகத்தில் அதன் உருவமே மங்கிப்போகும். எதிரி குறிபார்க்க முடியாமல் போவதற்கான உத்தி இது. முட்டையிட்ட தாய் முட்டைகளைச் சில இழைகளால் மட்டும் கட்டி வாயிலேயே கவ்விக்கொண்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாகப் பார்க்கலாம். இது மற்ற சிலந்திகளையும் பிடித்துத் தின்னும், தன்னைவிடப் பெரியவற்றைக்கூட. உலகிலேயே கொடிய நஞ்சு இதற்குத்தான், ஆனால் பல் சின்னது என்பதால் நம்மைக் கடிக்க முடியாது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

சுவரில் ஒரு பொட்டு அளவுக்கு வெள்ளையாக, தட்டையாக ஒட்டியிருக்கும் சின்ன வலையைப் பெரும்பாலானவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள். அதற்கு அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு சிலந்தி இருக்கும். எறும்பு அந்தப் பக்கம் வந்தால் வெளியே ஓடிவந்து, எறும்பைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தபடியே நூலால் கட்டிப் போட்டுவிடும். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த வேட்டை இது. இவ்வளவு சின்ன உயிர் தன்னளவு எறும்பை மடக்குவதைப் பார்த்தவர்கள் அந்தச் சுவரைத் துடைக்க யோசிப்பார்கள்.

இரவில் விளக்கைப் போட்டதும் சுவரில் உறைந்து நிற்கும் பெரிய சிலந்தி வேறு. வெப்ப நாடுகளின் வீடுகளில் பரவலாகக் காணப்படும் வேட்டைச் சிலந்தி இது. தட்டையான உடம்பு, பக்கவாட்டில் நண்டைப் போல விரிந்த கால்கள். காலோடு சேர்த்து அளந்தால் 10 சென்டிமீட்டர் வரைகூட இருக்கும். அதைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் வலையே கட்டாமல் இரவெல்லாம் கரப்பானைத் தேடி அலைகிற சிலந்தி இது, மனிதரைக் கண்டால் இடுக்கில் ஒளியத்தான் பார்க்கும். பெண் தட்டையான வட்ட முட்டைப்பை ஒன்றை வயிற்றுக்கு அடியில் தூக்கிக்கொண்டே திரியும் நாட்கள் உண்டு. அப்போது அதை அனாவசியமாக விரட்ட வேண்டாம்.

நம்மைத் திரும்பிப் பார்க்கும் சிலந்தி

ஒரே ஒரு வகையைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் குதிக்கும் சிலந்தியைத்தான் சொல்வேன். வெயில் படும் சுவர், ஜன்னல் விளிம்பு, தொட்டிச் செடியின் இலை என்று பகலில் எங்கும் இருக்கும். விரல் நகத்தைவிடச் சிறியது. 6,000-க்கும் அதிகமான இனங்களோடு சிலந்திகளில் மிகப்பெரிய குடும்பம் இதுதான். விரலை மெதுவாக நீட்டினால் உடம்பைத் திருப்பி, முன்பக்கத்து இரண்டு பெரிய கண்களால் நம்மைப் பார்க்கும். பெரும்பாலான சிலந்திகளுக்கு நாம் வெறும் அதிர்வும் நிழலும்தான். இதற்கு நாம் ஓர் உருவம்.

அந்தப் பெரிய கண்கள் நகராது, ஆனால் உள்ளே இருக்கும் விழித்திரை நகரும். நீளக் குழாய் போன்ற கண்ணின் அடியில் விழித்திரை இருக்கிறது. அதைத் தசைகள் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைக்கின்றன. உடம்பு வெளிறிய சில இனங்களில் கண்ணின் நிறம் கறுப்பிலிருந்து வெளிர்நிறமாகவும் திரும்பக் கறுப்பாகவும் மாறுவது வெளியிலிருந்தே தெரியும். விழித்திரை நகர்வதைத்தான் அப்போது பார்க்கிறோம். மீதி ஆறு கண்கள் சுற்றிலும் அசைவு இருக்கிறதா என்று கவனிக்கும். ஏதாவது அசைந்தால் உடம்பு சட்டென்று அந்தப் பக்கம் திரும்பும், அப்புறம் பெரிய கண்கள் அதை ஆராயும்.

ஈயை நெருங்கும் விதத்தைப் பாருங்கள். தூரத்தில் வேகமாக வரும், நெருங்க நெருங்க ஊர்ந்து வரும், கடைசியில் நின்று வயிற்று நுனியைத் தரையில் ஒரு தொடு தொடும். பாதுகாப்பு இழையை ஒட்டுகிற நேரம் அது. அடுத்த நொடி பாய்ச்சல். குறி தவறினால் அந்த இழையில் தொங்கி ஏறித் திரும்பி வரும். பாய்ச்சலுக்கு வேண்டிய விசையில் பெரும்பங்கு, முன்பு சொன்ன அந்தத் திரவ அழுத்தத்திலிருந்தே வருகிறது. இதைப் பார்க்கும்போது நாமும் மெதுவாகத்தான் நகர வேண்டும். நம் நிழல் அதன் மேல் விழுந்தால் வேட்டை நின்றுவிடும்.

வெளியே, இருட்டியதும்

டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு புல்தரையை நோக்கிப் பாருங்கள். பச்சையாகச் சில பொறிகள் மின்னும். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. டார்ச் வெளிச்சம் அதில் பட்டு வந்த வழியே திரும்புவதால், விளக்கு கண்ணோடு ஒரே கோட்டில் இருந்தால் மட்டுமே அந்த மின்னல் தெரியும். இடுப்பு உயரத்தில் டார்ச் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பனித்துளியும் மின்னும், ஆனால் தலையை அசைத்தால் துளியின் நிறம் மாறும், சிலந்திக் கண் ஒரே நிறத்தில் நிற்கும். பொறியை விட்டுக் கண்ணெடுக்காமல் நடந்து போய்க் குனிந்தால் சிலந்தி அங்கே இருக்கும். பெண் என்றால் வயிற்று நுனியில் உருண்டையான முட்டைப்பையை ஒட்டி இழுத்துக்கொண்டு போகலாம். குஞ்சு பொரித்த பிறகு என்றால் முதுகெல்லாம் குஞ்சுகள். சில நாட்கள் அவை தாயின் மேலேயே சவாரி செய்யும்.

வட்ட வலை கட்டுவதைப் பார்க்கவும் அந்தி நேரம் நல்லது. தோட்டத்துச் சிலந்திகளில் பல அப்போதுதான் வேலையைத் தொடங்கும். விடியலுக்கு முன் கட்டும் இனங்களும் உண்டு. முதலில் ஓர் இழையைக் காற்றில் விடும். அது எதிர்ப்பக்கத்துக் கிளையிலோ கம்பியிலோ போய் ஒட்டினால் பாலம் தயார். பாலத்தின் நடுவுக்குப் போய், அங்கிருந்து கீழே இறங்கி மூன்று கை பிரிந்த ஒரு வடிவம் செய்யும். அந்த மூன்றும் சேரும் புள்ளிதான் வலையின் மையம். பிறகு வெளிச்சட்டம், மையத்திலிருந்து விளிம்புக்கு ஆரங்கள். இதுவரை போட்ட நூல் எதிலும் பசை கிடையாது. அடுத்து மையத்திலிருந்து வெளிநோக்கி அகலமான இடைவெளியில் ஒரு சுருள் போடும். இது தற்காலிகச் சாரம். விளிம்பை எட்டியதும் திரும்பி, இந்தத் தடவை வெளியிலிருந்து உள்நோக்கிப் பசையுள்ள சுருளை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே வரும். வர வர முன்பு போட்ட சாரத்தைப் பிரித்தெடுத்துவிடும். இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். ஒரு பின்னங்கால் நூலை இழுத்து அடுத்த ஆரத்தில் ஒட்டுவதும், முன்னங்கால் இடைவெளியை அளப்பதும் அவ்வளவு சீராக நடக்கும். முழு வேலையும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பசை நூலில் சிலந்தி ஏன் ஒட்டிக்கொள்வதில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். அது பெரும்பாலும் பசையில்லாத ஆரங்களில் நடக்கிறது. பசை நூலைத் தொட வேண்டி வந்தால் கால் நுனியின் மயிர்கள் மட்டும் படுமாறு கவனமாகத் தொடுகிறது. அந்த மயிர்களின் மேல் பசையைத் தடுக்கும் பூச்சும் உண்டு. பழைய வலையைப் பல இனங்கள் வீணாக்குவதில்லை, சுருட்டித் தின்றுவிடும். வலை புரதத்தால் ஆனது, அந்தப் புரதம் அடுத்த வலைக்கு ஆகும். நேற்று மாலை பார்த்த வலை காலையில் இல்லை என்றால் யாரோ அறுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

வட்ட வலைச் சிலந்திக்குப் பார்வை மந்தம். அதன் உலகம் முழுக்க அதிர்வுதான். 1880-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் சி. வி. பாய்ஸ், அதிரும் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) ஒன்றை வலையில் தொட்டுப் பார்த்து, சிலந்தி அதை இரை என்று எண்ணித் தேடி வந்ததை எழுதியிருக்கிறார். இசைக்கவை கிடைத்தால் நாமும் செய்து பார்க்கலாம். ஒரு மாலைக்கு ஒரு தடவை போதும், பாவம், வெறும் கவைக்காக அதை அலைக்கழிக்கக் கூடாது.

சில சிலந்திகள் வலையின் நடுவில் வெள்ளையாக வளைந்து நெளிந்த பட்டைகளை நெய்து, அதன் மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்கார்ந்திருக்கும். பூச்சியைக் கவரவா, பறவைகள் வலையில் மோதாமல் இருக்கவா, எதிரியை ஏமாற்றவா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய வலையின் ஓரத்தில் வெள்ளிப் பொட்டுப் போல மின்னும் குட்டிச் சிலந்தியைக் கண்டால் அது குஞ்சு இல்லை. வீட்டுக்காரியின் வலையில் சிக்கியதைத் திருடித் தின்று வாழும் வேறு இனம் அது.

பூக்களையும் மறக்காதீர்கள். வண்டோ தேனீயோ ஒரு பூவில் நெடுநேரம் அசையாமல் இருந்தால் கிட்டே போய்ப் பாருங்கள், கீழிருந்து நண்டுச் சிலந்தி பிடித்திருக்கலாம். அதில் சில இனங்கள் உட்கார்ந்திருக்கும் பூவுக்கு ஏற்ப வெள்ளையிலிருந்து மஞ்சளாகவும் திரும்பவும் மாறும். உடனே இல்லை, பல நாட்கள் எடுத்துக்கொண்டு.

தொடாமல் பார்ப்பது

ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டு. அது பூச்சிக்கானது. மனிதருக்கு உண்மையில் ஆபத்தானவை மிகச் சில: கறுப்பு விதவை, செம்முதுகுச் சிலந்தி முதலியவை அடங்கிய விதவைச் சிலந்திகள், அமெரிக்கக் கண்டங்களில் பெயர் பெற்ற ரெக்லூஸ் சிலந்திகள், ஆஸ்திரேலியாவின் சிட்னி புனல்வலைச் சிலந்தி, தென் அமெரிக்காவின் அலையும் சிலந்திகள். நீங்கள் இருக்கும் பகுதியில் இவற்றில் எது உண்டு என்று தெரிந்து, அதன் தோற்றத்தை மட்டும் முதலில் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி விதி ஒன்றுதான்: எதையும் கையில் எடுக்காதீர்கள். கல்லையோ கட்டையையோ புரட்டும்போது விரலை அடியில் விடாமல் ஒரு குச்சியால் நெம்புங்கள், பார்த்து முடித்ததும் இருந்த மாதிரியே திரும்ப வையுங்கள். அடியில் வாழ்பவற்றுக்கு அந்த ஈரமும் இருட்டும் வேண்டும். கடித்த இடத்தில் வலி ஏறிக்கொண்டே போனாலோ, உடம்பு வியர்த்தாலோ, தசை இழுத்தாலோ மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அறைக்குள் வந்த சிலந்தியை அப்புறப்படுத்தியே ஆக வேண்டும் என்றால், டம்ளரைக் கவிழ்த்து அடியில் ஓர் அட்டையை நுழைத்தால் போதும். வலையைத் தெளிவாகப் பார்க்க மாவு தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பசையைக் கெடுத்துவிடும், சிலந்தி அந்த வலையைத் தின்னவும் வேண்டும். கைத்தெளிப்பானில் பனி போலத் தண்ணீர் தெளித்தால் அதே காட்சி கிடைக்கும், கொஞ்ச நேரத்தில் உலர்ந்தும் விடும். படம் எடுக்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, பின்னணி இருட்டாக இருக்குமாறு நில்லுங்கள். நேராக ஒளி பாய்ச்சினால் இழைகள் மறைந்துவிடும்.

ஒரே சிலந்தியைத் தொடர்வது

நூறு சிலந்திகளை ஒவ்வொரு முறை பார்ப்பதைவிட ஒரே சிலந்தியை நூறு முறை பார்ப்பதில் கிடைப்பது அதிகம். வலைச் சிலந்தி இதற்கு வாகானது, இடம் மாறாது. குறிப்பேட்டில் தேதி, நேரம், காற்றா மழையா, வலையின் உயரம், சிலந்தி எந்த நிலையில் இருந்தது, வலையில் என்ன சிக்கியிருந்தது என்று எழுதினால், எப்போது தோலுரித்தது, எப்போது ஆண் வந்தது, எப்போது முட்டைப்பை வைத்தது என்பதெல்லாம் தானாகத் தெரியவரும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974-இல் தொடங்கிய ஆய்வு இப்படித்தான் நடந்தது. மண்ணில் வளை தோண்டி அதற்கு மூடி போட்டு வாழும் பொறிக்கதவுச் சிலந்திகளின் ஒவ்வொரு வளைக்கும் பக்கத்தில் எண்ணிட்ட குறி வைத்து, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அதில் 16-ஆம் எண் சிலந்தி 43 ஆண்டுகள் வாழ்ந்து 2016-இல் இறந்தது. வீட்டுச் சிலந்திகளில் பலவற்றின் ஆயுள் ஓரிரண்டு ஆண்டுகள்தான், ஒரு பிறவியை முழுதாகப் பார்த்துவிடலாம்.

நன்றாக இருந்த சிலந்தி திடீரென்று காணாமல் போகும். தாழ்வாரச் சுவரில் மண் கூடு ஏதாவது புதிதாக இருக்கிறதா பாருங்கள். மண்குளவி சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, தன் புழுக்களுக்கு உணவாக அந்த அறைகளில் அடைத்து வைக்கும். ஆண் சிலந்தி என்றால் துணை தேடிப் போயிருக்கலாம். குஞ்சுகள் உயரமான இடத்தில் ஏறி, வயிற்றைத் தூக்கி, காற்றில் இழை விட்டுப் பறந்து போகும். 1832-இல் பீகிள் கப்பலில், கரையிலிருந்து வெகுதூரத்தில், கயிறுகளெங்கும் இப்படி வந்திறங்கிய குட்டிச் சிலந்திகளை டார்வின் குறித்து வைத்தார்.

பெயர் தெரிந்துகொள்ளும் ஆசை இதற்குள் வந்திருக்கும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படம் ஏற்றினால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். முதுகுப் பக்கம் ஒரு படம், முகத்துக்கு நேரே கண் வரிசை தெரிய ஒன்று, முடிந்தால் அடிவயிறு, கட்டாயம் வலை. கண் வரிசை தெரிந்தால் குடும்பத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். இனம் வரை போவது எல்லா நேரமும் முடியாது, பலவற்றை நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். படத்தை மட்டும் வைத்து ஒருவர் உறுதியாக இனப்பெயர் சொன்னால், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை குறிப்பேட்டில் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.